சூப்பான் மறக்கடிப்பு நெறிகள்: தொல்காப்பிய நோக்கில் ஓர் ஆய்வு

1. ஆய்வின் தேவை

சங்க இலக்கியத்தில் யானை, சங்க இலக்கியத்தில் நண்டு, சங்க இலக்கியத்தில் மணல் என்று ஆய்வேடுகள் பல்கலைக்கழக நூலகங்களில் அடுக்கடுக்காக நிற்கின்றன. கரையானும் அவற்றைத் தலைப்புப் பக்கத்தோடு நிறுத்திக்கொள்கிறது. ஆயினும் இரண்டு வயதுக் குழந்தையின் வாயிலிருந்து ரப்பர்ச் சூப்பானை எடுப்பது எப்படி என்பது பற்றி ஓர் ஆய்வேடும் இவ்வாய்வாளர் கண்ணில் படவில்லை. தேடவில்லை என்பது வேறு. முன்னாய்வு இல்லாமை இவ்வாய்வின் தேவையை வலியுறுத்துகிறது. முன்னாய்வு இருந்திருந்தால் அதுவும் இவ்வாய்வின் தேவையையே வலியுறுத்தியிருக்கும் என்பது ஈண்டு நோக்கத்தக்கது.

ஆய்வின் எல்லை: வடக்கே மொட்டைமாடிப் படிக்கட்டு, தெற்கே அடுப்படி, கிழக்கே வாசல் கேட், மேற்கே அடுத்த வீட்டார் காதுக்கு எட்டும் தூரம். இடம் மதுரை. முதன்மைச் சான்று: குழந்தை. துணைமைச் சான்று: குழந்தையைப் பெற்றோரும், பெற்றோரைப் பெற்றோரும், யாரையும் பெறாமலே அறிவுரை சொல்ல வந்தோரும்.

கருதுகோள்: குழந்தை சூப்பானை விடும். இக்கருதுகோள் பொய்த்ததாக வரலாற்றில் சான்றில்லை. சூப்பானோடு கல்லூரியில் சேர்ந்தவர் எவரும் இலர். ஆகவே முடிவு தெரிந்தே தொடங்கப்படும் ஆய்வு இது. அவ்வகையில் நம் ஆய்வு மரபுக்கு முற்றிலும் உடன்பட்டது.

2. பெயர்

கடையில் நிப்பிள், யாழ்ப்பாணத்தில் சூப்பி, இக்கட்டுரையில் சூப்பான். சொல்லாய்வு முற்றிற்று.

3. வரலாறு

மேலைநாட்டார் இப்பொருளில் சற்றுப் பிந்தியவர்களே. ஜெர்மானிய ஓவியர் ஆல்பிரெக்ட் டியூரர் 1506இல் வெனிஸ் நகரில் தீட்டிய மாதா ஓவியத்தில், குழந்தை இயேசுவின் ஒரு கையருகே குருவி, மறு கையில் துணியை முடிச்சிட்டுச் செய்த சூப்பான். ஓவியம் இப்போது பெர்லினில் இருக்கிறது. காம்பு, தடுப்பு வட்டு, பிடி வளையம் மூன்றும் சேர்ந்த இன்றைய வடிவத்துக்கு நியூயார்க் மருந்துக்கடைக்காரர் கிறிஸ்டியன் மைனெக்கே 1900ஐ ஒட்டி வடிவுரிமை பெற்றார். இதற்கிடையே 1879இல் லிண்ட்னர் என்ற ஹங்கேரியக் குழந்தை மருத்துவர் விரல் சூப்புதல் பற்றித் தனி ஆய்வே எழுதினார். 1905இல் சிக்மண்ட் பிராய்டு அதைப் பாராட்டி எடுத்தாண்டு, எல்லாவற்றுக்கும் தாம் சொல்லும் அதே காரணத்தை இதற்கும் சொன்னார்.

இவையெல்லாம் நம்மிடம் முன்பே இருந்தவை. எதுவாயினும் நம்மிடம் முன்பே இருந்தது என்பது ஆய்வு நெறியின் முதல் விதி. இரண்டாம் விதி, அதற்குச் சான்று காட்டுவது, இது கட்டாயமன்று. எனினும் காட்டுதும்.

(அ) ஆலிலைக் கண்ணன்: பிரளய வெள்ளத்தில் ஆலிலை மேல் கிடந்து தன் கால் கட்டைவிரலைத் தானே சுவைத்தவன். கண்ணன் கால் சுவைத்ததைப் பெரியாழ்வாரும் பாடியுள்ளார். தொலையாத சூப்பான் என்ற வகையில் இதை விஞ்சிய வடிவமைப்பு இன்றுவரை சந்தைக்கு வரவில்லை.

(ஆ) மாந்தாதா: யுவனாசுவன் என்னும் அரசனின் விலாவைப் பிளந்துகொண்டு பிறந்தவன். தாய் இல்லை; பால் இல்லை. இந்திரன் தன் விரலை வாயில் கொடுத்தான். பிறர் விரலைச் சூப்பான் ஆக்கிக்கொண்ட முதல் நிகழ்வு இது. சோழர் செப்பேடுகள் இந்த மாந்தாதாவையும் குலமுன்னோர் வரிசையில் வைக்கின்றன. விரல் சூப்பிய குழந்தை உருப்படாது என்போர் தஞ்சைப் பெரிய கோயிலை ஒருமுறை அண்ணாந்து பார்க்க.

(இ) பூதனை: சூப்புமிடத்தில் எதையாவது தடவி வைக்கும் முறைக்கு முன்னோடி. இவள் தடவியது நஞ்சு. குழந்தை நஞ்சோடு அவள் உயிரையும் சேர்த்துக் குடித்துவிட்டது. இச்சோதனையின் முடிவை நம் அத்தைமார்கள் இன்னும் சரியாகப் படிக்கவில்லை என்பது பின்னர்க் காட்டப்படும்.

(ஈ) உபமன்யு: மாமன் வீட்டில் பால் குடித்துப் பழகிய பிள்ளை. தன் வீட்டில் தாய் மாவைக் கரைத்துப் பால் என்று கொடுத்தபோது கண்டுபிடித்துவிட்டது. அழுது, தவம் இருந்து, இறுதியில் சிவனிடம் பாற்கடலையே பெற்றது. விடாமல் அடம் பிடித்தால் கேட்டதற்கு மேலேயே கிடைக்கும் என்ற கருத்து இதில் வெளிப்படையாக இருத்தலின், இப்புராணத்தை மூன்று வயதுக்கு உட்பட்டோர் காதில் போடலாகாது.

(உ) திருஞானசம்பந்தர்: மூன்று வயதில், சீர்காழிக் குளக்கரையில், உமையம்மை கையால் பொற்கிண்ணத்தில் பால் அருந்தியவர். புட்டியில் அன்று, சங்கில் அன்று, கிண்ணத்தில். சூப்பும் பழக்கத்தை மூன்று வயதுக்குள் விட வேண்டும் என்று அமெரிக்கக் குழந்தைப் பல் மருத்துவர்கள் இன்று சொல்வதைச் சைவம் 7ஆம் நூற்றாண்டிலேயே சொல்லிவிட்டது என்பது இதனால் பெறப்படும். பல் மருத்துவர்கள் மேற்கோள் காட்டவில்லை என்பது கண்டிக்கத்தக்கது.

இவற்றுக்கும் முன்னதாக, முதற்சங்கத்தில் சூப்பானுக்கெனத் தனி இலக்கண நூல் இருந்து கடல்கொண்டிருக்க வேண்டும். கடலுக்குள் போன நூல்களைப் பற்றி எழுதும்போது ஆய்வாளருக்குக் கிடைக்கும் உரிமை கரையில் இருக்கும் நூல்களைப் பற்றி எழுதும்போது கிடைப்பதில்லை.

4. மருத்துவ நோக்கு

சூப்பும் வேட்கை கருவிலேயே தொடங்குகிறது. வயிற்றுக்குள் விரல் சூப்பும் சிசுவை ஸ்கேன் படத்தில் காணலாம். அந்தப் படத்தைப் பார்த்து, "இப்பவே பழகிருச்சு, கஷ்டம்தான்" என்று தலையசைத்த அறிஞர் உண்டு (அப்பத்தா, நேர்காணல், வெற்றிலைக்கு முன்).

உலக நலவாழ்வு அமைப்பும் யூனிசெஃபும் 1989இல் தாய்ப்பாலுக்காகப் பத்துக் கட்டளைகள் வகுத்தன. அவற்றுள் ஒன்பதாவது, தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்குச் சூப்பான் கூடாது என்பது. 2018இல் அது திருத்தப்பட்டு, அதன் அபாயங்களைத் தாய்க்கு எடுத்துச் சொல்லுங்கள் என்று இளகியது. இடையில் 2005இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம், தூங்கும்போது சூப்பான் கொடுத்தால் தொட்டில் மரணம் எனப்படும் திடீர் இறப்பின் ஆபத்து குறைகிறது என்றது. ஆறு மாதத்துக்கு மேல் காதுத் தொற்று கூடுகிறது, ஆகவே அப்போது குறையுங்கள் என்றும் மருத்துவர்கள் சொல்கிறார்கள். ஆண்டுக்கணக்கில் நீண்டால் மேல்வரிசைப் பல்லும் கீழ்வரிசைப் பல்லும் முன்பக்கம் சேராமல் நடுவே சன்னல் விழும். ஆக, வேண்டும், வேண்டாம், குறை, நிறுத்து என்ற நான்கும் வெவ்வேறு வயதுக்கு உரியவை. நான்கையும் ஒரே மூச்சில், ஒரே வயதுக்குச் சொல்வோர் உறவினர் எனப்படுவர்.

மருத்துவ நூல்கள் சூப்பான் சுவைத்தலை 'ஊட்டமில்லாச் சூப்பல்' என்று வகைப்படுத்துகின்றன. வாய் ஓயாமல் இயங்கும்; ஒரு சொட்டும் உள்ளே இறங்காது; ஆனாலும் மனம் அமைதி கொள்ளும். இவ்விளக்கத்தைப் படித்த மாத்திரத்தில் இவ்வாய்வாளருக்குத் தம் ஆய்வேட்டின் இரண்டாம் இயலான 'முன்னாய்வுகள்' நினைவில் எழுந்தது.

5. மெய்ப்பாட்டியல் நோக்கு

தொல்காப்பியர் மெய்ப்பாடு எட்டு என்றார். சூப்பான் நிறுத்தப்படும் முதல் இரவில் அந்த எட்டும் அவர் வைத்த வரிசையிலேயே நிகழ்கின்றன. இது தற்செயல் ஆகாது.

நகை: இன்றிலிருந்து நிப்பிள் கிடையாது என்று பெற்றோர் சிரித்துக்கொண்டே சொல்வது.
அழுகை: விளக்கம் வேண்டா.
இளிவரல்: "பிள்ளைய என்னம்மா பண்றீங்க?" என்று மாடி வீட்டார் இறங்கி வந்து கேட்பது.
மருட்கை: இத்தனை சின்ன உடம்புக்குள் இத்தனை சத்தம் எங்கே இருந்தது என்று வியப்பது.
அச்சம்: வீட்டு ஓனர் வீட்டில் விளக்கு எரிவது.
பெருமிதம்: அரை மணி நேரம் கேட்கவே இல்லை பார்த்தாயா என்று மார்தட்டுவது.
வெகுளி: "பழக்கிவிட்டது உங்கம்மா", "வாங்கிக் குடுத்தது உங்கக்கா" என்ற சொற்போர்.
உவகை: அஞ்சறைப் பெட்டியில், கடுகுக்கும் வெந்தயத்துக்கும் நடுவே, அப்பத்தா ஒளித்துவைத்த மாற்றுச் சூப்பான் கிடைப்பது. குழந்தை தூங்கிவிடும். எல்லாரும் தூங்கிவிடுவர்.

எந்த இரவு என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. குழந்தையின் தாய் தைப்பொங்கல் கழிந்து என்கிறார். அப்பத்தா ஆடி பிறக்கும் முன் என்கிறார். ஆறு மாத இடைவெளி. தொல்காப்பியர் காலத்தை வைத்து ஆயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட அகலத்தில் சண்டை நடக்கும் துறையில் இது துல்லியம் எனப்படும்.

6. நெறிகளின் வகைப்பாடு

மறக்கடிக்கும் நெறி ஆறு வகைப்படும்.

முதலாவது, தடவல் நெறி. வேப்பெண்ணெய், கற்றாழைச் சாறு முதலிய கைப்புப் பொருள்களைத் தடவுவது. தாய்ப்பால் மறக்கடிக்க நம் ஊர்ப் பெண்கள் நெடுங்காலம் கையாண்ட முறையைச் சூப்பானுக்கும் நீட்டியது. கைப்பு அறிவைத் தரும் என்பது இதன் தத்துவம் (பெரியத்தை, 'கைப்பின் பயன்கள்', திண்ணைப் பதிப்பு, இரண்டாம் அச்சு, முதல் அச்சில் இவர் இதற்கு நேர்மாறாகச் சொன்னார்). ஆய்வுக் குழந்தை வேப்பெண்ணெய்ச் சூப்பானை வாயில் வைத்தது, எடுத்தது, அதை அப்பாவின் வேட்டியில் நன்றாகத் துடைத்தது, மறுபடி வைத்துக்கொண்டது. கைப்பு அறிவைத் தரும் என்பது இவ்வாறு மெய்யாயிற்று. மிளகாயைத் தடவச் சொன்னவரும் உளர் (மேலது). அது கொடுமை என்றவரும் உளர் (கீழது, அதாவது கீழ்வீட்டு அத்தை).

இரண்டாவது, வெட்டல் நெறி. காம்பின் நுனியைக் கத்தரித்து, சூப்பினால் காற்று மட்டும் வரும்படி செய்வது. துண்டு தொண்டையில் சிக்கும் என்று மருத்துவர்கள் எச்சரிக்கின்றனர். பிராங்க்ஃபர்ட் மருத்துவர் ஹைன்ரிக் ஹோஃப்மன் 1845இல் வெளியிட்ட சிறுவர் நூலில் இந்நெறி உச்சம் தொட்டது. அங்கே தையற்காரர் ஒருவர் பாய்ந்து வந்து வெட்டுவது சூப்பானை அன்று, விரல் சூப்பும் பையனின் கட்டைவிரல்களையே. அந்நூலை ஹோஃப்மன் தம் மூன்று வயது மகனுக்குக் கிறிஸ்துமஸ் பரிசாக எழுதினார் என்பது கூடுதல் செய்தி.

மூன்றாவது, தான நெறி. கோபன்ஹேகன் நகரின் பிரடெரிக்ஸ்பெர்க் பூங்காவில் ஒரு மரம். குழந்தைகள் தம் சூப்பானை விடைபெறும் கடிதத்தோடு அதில் கட்டித் தொங்கவிடுவர். நாம் பிள்ளை வேண்டி மரத்தில் தொட்டில் கட்டுகிறோம்; டேனியர் பிள்ளை வளர்ந்ததென்று மரத்தில் சூப்பான் கட்டுகிறார்கள். இரண்டு மரமும் ஒரே மரமா என்பது ஒப்பீட்டு இலக்கியத் துறைக்கு உரியது. அத்துறையில் காலியிடம் இல்லை.

நான்காவது, தொலைத்தல் நெறி. ஊருக்குப் போகும்போது 'மறந்து' வைத்துவிட்டுப் போவது. இந்நெறியைப் பின்பற்றியவர் பேருந்து திருமங்கலம் தாண்டுவதற்குள் மனம் மாறி, இறங்கி, மருந்துக்கடை தேடியதாக வழங்கும் செய்தி உறுதிப்பட்டுள்ளது (ஆட்டோ ஓட்டுநர் ஒருவர், 'இரவுநேரக் குறிப்புகள்', பெரியார் பேருந்து நிலையம் முதல் திருமங்கலம் வரை, மீட்டர் போடாத பதிப்பு, போகவர இரண்டு தொகுதிகள்).

ஐந்தாவது, சும்மா இருத்தல். சித்தர்க்கே கைகூடும்.

ஆறாவது, காக்கை நெறி. இதற்குத் தனி இயல் வேண்டும்.

7. காக்கை இயல்

மூலம்: "காக்கா தூக்கிட்டுப் போயிருச்சு."

இது அப்பத்தா வாக்கு. மூன்றே சொல்லில் முழுக் கோட்பாடும் அடங்கியிருத்தலின் இதை நூற்பா எனக் கொள்ளலாம்.

உரை: 'காக்கா' எழுவாய். 'தூக்கிட்டு' வினையெச்சம். 'போயிருச்சு' முற்று. எதைத் தூக்கிற்று என்னும் செயப்படுபொருள் தொக்கி நின்றது. அழுகையின் சுருதியால் உய்த்துணரப்படும். மொட்டைமாடி உரைகாரர், காக்கை என்பது ஆகுபெயர், தூக்கியது அப்பாவே என்பார். தொட்டிலடி உரைகாரர் அதை மறுத்து, அப்பா எதையும் தூக்கி வைத்த வழக்கம் அவ்வீட்டில் இன்மையின் அது பொருந்தாது என்பார். பின்னவர் குழந்தையின் தாய். நச்சினார்க்கினியர் உரை கிடைத்திருந்தால், இந்நூற்பாவின் 'காக்கா'வையும் பத்து நாளுக்குப் பின் குழந்தை சொல்லப்போகும் ஒரு வாக்கியத்தின் வினைமுற்றையும் மாட்டு என்று சேர்த்து முடித்து, நாம் யாரும் நினையாத பொருள் ஒன்று கண்டிருப்பார்.

காக்கையைத் தேர்ந்தது ஏன்? நாய், பூனை, குரங்கு ஆகியவையும் மதுரையில் உள்ளன. குரங்கு அழகர்கோவிலில் கையிலிருந்தே பிடுங்கும். எனினும் காக்கைக்கு முன்குற்றப் பின்னணி வலுவானது. பாட்டி சுட்ட வடையைத் தூக்கியது காக்கை. அந்த வழக்கில் இன்றுவரை யாரும் மேல்முறையீடு செய்யவில்லை. சீதையைக் கொத்தி, இராமன் விட்ட புல்லுக்கு ஒரு கண்ணை இழந்தது காக்கை வடிவில் வந்த இந்திரன் மகன். (இந்திரன் குடும்பம் இவ்வாய்வில் இரண்டாம் முறை வருகிறது: தந்தை விரலைக் கொடுத்தார், மகன் அலகை நீட்டினான்.) எல்லாவற்றுக்கும் மேலாக, அகத்தியர் கமண்டலத்தைக் காக்கை வடிவில் வந்த பிள்ளையார் கவிழ்த்ததால் காவிரி பெருகிற்று. சிறு கலம் ஒன்றைக் காக்கை அப்புறப்படுத்த, வெள்ளம் புறப்படுகிறது. சூப்பான் வழக்கிலும் நிகழ்ந்தது அதுவே. நீரியல் நோக்கில் இரண்டும் ஒன்று. காவிரி மட்டும் ஆடியில் தண்ணீர் வருமா என்ற ஐயத்துக்கு இடம் தருவது.

சங்ககாலச் சான்றும் உண்டு. காக்கைபாடினியார் நச்செள்ளையார் என்ற புலவர் காக்கையைப் பாடியே அப்பெயர் பெற்றார். அவர் காக்கை விருந்து வரக் கரையும் காக்கை. கொண்டுவரும் காக்கை சங்க மரபு என்றால் கொண்டுபோகும் காக்கை சங்கம் மருவியது என்று கொள்க. காலக் கணிப்பு முடிந்தது.

இனி எதிர்வாதங்கள். இவற்றை எழுப்பியது குழந்தை. இத்துறையில் இதுவரை நடந்த கருத்தரங்குகளில் தலைவர் தூங்காதிருந்த ஒரே அமர்வு இதுவாகும்.

எதிர்வாதம் ஒன்று: "காக்காக்கு வாய் எங்க?" அலகுக்குள் காம்பு நுழையாது என்பது இதன் உட்கிடை. விடை: காக்கை தனக்கென்று எடுக்கவில்லை, குஞ்சுக்கு எடுத்தது. ஆனால் காக்கைக் கூட்டில் குயில் முட்டையிடும். காக்கை அறியாமல் குயில் குஞ்சையும் சேர்த்து வளர்க்கும். ஆகவே சூப்பானின் இறுதிப் பயனாளி காக்கைக் குஞ்சா குயில் குஞ்சா என்பது உறுதிப்படவில்லை. குயில் குஞ்சாயின், சூப்பான் இருமுறை ஏமாற்றப்பட்டோர் வழியாகக் கைமாறியிருக்கிறது. நகரக் காக்கைகள் சுள்ளியோடு இரும்புக் கம்பியையும் வைத்துக் கூடு கட்டுவதை மின்கம்பங்களில் காணலாம். பிளாஸ்டிக் வளையத்தை அவை வேண்டாம் என்னும் என்று எண்ணக் காரணம் இல்லை.

எதிர்வாதம் இரண்டு: "எந்தக் காக்கா?" வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஜான் மார்ஸ்லஃப் என்பவர் முகமூடி அணிந்து ஆய்ந்து, காக்கைகள் தமக்குத் தீங்கு செய்த மனித முகத்தை ஆண்டுக்கணக்கில் நினைவில் வைத்திருக்கின்றன என்று காட்டினார். மனிதருக்கு அந்தத் திறன் இல்லை. நமக்கு எல்லாக் காக்கையும் ஒன்றுதான். இச்சமனின்மையை அப்பத்தா தம் வாதத்துக்கு நன்கு பயன்படுத்திக்கொண்டார். "அந்தா, அதுதான்டி" என்று தென்னை மரத்தில் இருந்த ஒன்றைக் காட்டினார். குழந்தை மறுநாள் வேறொன்றைக் காட்டி இதுவா என்றது. "அதேதான்" என்றார் (மேலது, வெற்றிலைக்குப் பின்).

எதிர்வாதம் மூன்று, கோட்பாட்டை நிலைகுலையச் செய்தது. அது எழுந்த நாள் ஆடி அமாவாசை. மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில் அப்பத்தா வாழையிலைத் துண்டு போட்டு, சோறு, பருப்பு, ஒரு வடை வைத்து, கைதட்டி, "கா, கா" என்று அழைத்தார். குழந்தை அவர் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றது.

"யாருக்கு அப்பத்தா சோறு?"

"தாத்தாவுக்குடி தங்கம்."

"தாத்தா எங்க?"

"தாத்தாதான் காக்காவா வருவாக. வந்து சாப்பிட்டுப் போவாக."

காக்கை வந்து இறங்கியது. தலையைச் சாய்த்து ஒரு கண்ணால் பார்த்தது. வடையை எடுத்தது. குழந்தை சற்று நேரம் அதையே பார்த்தது. பிறகு, கீழ்வீட்டு அத்தை காதிலும் விழும்படி கத்தியது:

"தாத்தா! என் நிப்பிளக் குடு!"

அப்பத்தா பேச்சு மூச்சற்று நின்றார். காக்கை சூப்பானை எடுத்தது, தாத்தா காக்கை, ஆகவே தாத்தா சூப்பானை எடுத்தார். ஒரு நூற்பாவும் ஒரு நம்பிக்கையும் சேர்ந்து, உயிரோடிருந்த காலத்தில் வெற்றிலை எச்சிலைக்கூடத் தெருவில் துப்பாத மனிதரைப் பேத்தியின் வாயிலிருந்து ரப்பரைப் பறித்த குற்றத்துக்கு ஆளாக்கிவிட்டன. தருக்க நூலார் இதை அதிவியாத்தி என்பர். அப்பத்தா வேறு சொல்லில் சொன்னார். அது அச்சுக்கு உரியதன்று.

இச்சிக்கலைத் தீர்க்க மூன்று கொள்கைகள் முன்வைக்கப்பட்டன. அமாவாசைக் காக்கை வேறு, திருட்டுக் காக்கை வேறு என்பது பெரியத்தையின் துவைதம். எல்லாக் காக்கையும் தாத்தாவே, திருட்டு என்பதே மாயை என்பது கீழ்வீட்டு அத்தையின் அத்வைதம். தாத்தா எடுத்தது உண்மை, ஆனால் பேத்தி பல் கெடக்கூடாதென்ற அன்பினால் எடுத்தார் என்பது இறுதியில் அப்பத்தா வந்தடைந்த விசிட்டாத்துவைதம். மூன்றாவதே வீட்டில் ஏற்கப்பட்டது. குழந்தையும் ஏற்றது, ஆனால் ஒவ்வொரு நாள் காலையிலும் மாடிக்குப் போய், "தாத்தா, போதும், குடுத்துரு" என்று ஒருமுறை கேட்டுவிட்டு வந்தது. (இதுபற்றி விரிவாக: தயிர்க்காரம்மா, 'வாசற்படிச் சிந்தனைகள்', அளந்து ஊற்றிய பதிப்பு, அதன் மேல் எழுந்த மறுப்பு: பேப்பர் போடும் தம்பி, 'காம்பவுண்டுச் சுவருக்கு மேலாக', காலை 5.30, மறுப்பின் மறுப்பு: மேற்படி தயிர்க்காரம்மா, மறுநாள், பாக்கிச் சில்லறை கேட்கும்போது, மூன்றையும் தொகுத்துப் பதிப்பித்தவர் தம் பெயரை மட்டும் அட்டையில் போட்டுக்கொண்ட எதிர்வீட்டுப் பேராசிரியர்.)

8. பிள்ளைத்தமிழ் பற்றிய ஒரு குறிப்பு

பிள்ளைத்தமிழுக்குப் பருவம் பத்து. காப்பு முதல் சிறுதேர் அல்லது ஊசல் வரை எல்லாம் உண்டு. மறக்கடிப் பருவம் இல்லை. மீனாட்சியம்மைக்கே பிள்ளைத்தமிழ் பாடிய குமரகுருபரரும் இதைத் தொடவில்லை. அந்தப் பருவத்தில் வீட்டில் உட்கார்ந்து யாரும் பத்துப் பாட்டு எழுத முடியாது என்பதே காரணம். இக்கட்டுரையும் பெரும்பாலும் தெருமுனை டீக்கடையில் எழுதப்பட்டது.

9. ஆய்வு முடிவுகள்

ஒன்று. சரஸ்வதி பூசைக்கு வீட்டைக் கழுவியபோது பீரோவுக்குப் பின்னாலிருந்து பழைய சூப்பான் ஒன்று ஒட்டடையோடு வெளிப்பட்டது. பெரியவர்கள் நால்வரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்க, குழந்தை அதை எடுத்து, திருப்பிப் பார்த்து, "இது தாத்தாது" என்று சொல்லி மாடிச் சுவரில் கொண்டுபோய் வைத்தது. காக்கை வந்து அலகால் ஒருமுறை புரட்டிப் பார்த்துவிட்டு, பக்கத்தில் இருந்த இரண்டு இட்லியில் ஒன்றை எடுத்துச் சென்றது. குழந்தை மற்ற இட்லியைத் தின்றது. ஆகவே ஆறு நெறிகளுள் வென்றது எது என்று கேட்டால், மறதி என்பது விடை. அது வகைப்பாட்டில் இல்லை.

இரண்டு. குழந்தை விட்டுவிட்டது, வீடு விடவில்லை. நள்ளிரவில் பக்கத்து வீட்டுக் குழந்தை அழுதாலும் அப்பாவின் கை தானே தலையணைக்கு அடியில் துழாவுகிறது. அம்மாவின் கைப்பையில் இன்னும் மூடி போட்ட ஒன்று கிடக்கிறது. அஞ்சறைப் பெட்டியில் கடுகுக்குப் பக்கத்தில் உள்ளதை எடுக்கச் சொன்னபோது, "இருக்கட்டும், எதுக்கும் ஆகும்" என்றார் அப்பத்தா. சூப்பானால் அமைதி பெற்றவர் யார் என்ற வினாவை ஆய்வாளர்கள் இதுவரை தவறான வாயிடம் கேட்டு வந்துள்ளனர்.

மூன்று. கருதுகோள் மெய்ப்பிக்கப்பட்டது.

10. மேலாய்வுக்குரிய களங்கள்

(அ) சூப்பானை மறக்கடிக்கக் கொடுத்த கைப்பேசியை மறக்கடித்தல்.

(ஆ) அழகர்கோவில் குரங்குகளும் பால் புட்டிகளும்: ஒரு களஆய்வு. நிதி தேவை.

(இ) யாழ்ப்பாணத்திலிருந்து ஒருவர் இணைய வழியில் வணக்கம் சொல்லிவிட்டதால் பன்னாட்டுக் கருத்தரங்காகிவிட்ட கருத்தரங்குகளும், படிக்கப்படாமலே தொகுதியாகும் கட்டுரைகளும், அவற்றை மதிப்பெண்ணாக்கும் பழக்கமும்: இதைப் பேராசிரியர்களிடம் மறக்கடிப்பது எப்படி? இங்கே தடவல் நெறி பயன்படாது. கைப்பு அவர்களுக்குப் பழகிவிட்டது. வெட்டல் நெறிக்கு உறுப்பினர் குழு ஒத்துக்கொள்ளாது. காக்கா தூக்கிட்டுப் போயிருச்சு என்று சொல்லிப் பார்க்கலாம். ஆனால் எந்தக் காக்கை, அதற்கு ஐ.எஸ்.எஸ்.என். எண் உண்டா என்று கேட்பார்கள்.